கடலூர், புதுவைப் பக்கம் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்க வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நம் பக்கத்து வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். பி.காம். என்றால் தெரியும், பி.சி.ஏ. என்றால் தெரியும். அரசியல் அறிவியல் என்றதும், "கட்சியில சேரப் போறியா?" என்று மாமா கேட்பார், "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அம்மா கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த வீடுகளுக்கும், விண்ணப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு தயங்கும் பிள்ளைகளுக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசியல் அறிவியல் படிக்க நம் பகுதியைப் போல வாய்ப்பான இடங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. கடலூரில் பேருந்து ஏறினால் ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு, முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. ஒரு பக்கம் ஆளுநரும் 234 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றமும் உள்ள மாநிலம். மறுபக்கம் துணைநிலை ஆளுநரும் 30 பேரைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றமும் உள்ள ஒன்றியப் பிரதேசம். மாநிலத்துக்கும் ஒன்றியப் பிரதேசத்துக்கும் உள்ள வேறுபாட்டை மற்ற ஊர் மாணவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நீங்கள் அரை மணி நேரப் பயணத்தில் அதற்குள் நுழைந்து வெளியே வரலாம். மூன்று ஆண்டும் இதைப் பயன்படுத்திப் படித்தால் பாடம் பிடிபடும்.

என்ன படிக்கப் போகிறீர்கள்

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்: அரசியல் கோட்பாடு, மேலை நாட்டு அரசியல் சிந்தனை, இந்திய அரசியல் சிந்தனை, இந்திய அரசமைப்பு, ஒப்பீட்டு அரசாங்கம், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம், உள்ளாட்சி, தமிழக அரசியல். இவற்றோடு துணைப்பாடமாக வரலாறோ பொருளாதாரமோ சமூகவியலோ வரும். முதல் இரண்டு ஆண்டில் தமிழும் ஆங்கிலமும் உண்டு.

எந்தக் கட்சி நல்ல கட்சி என்று வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள். ஒருவர் இன்னொருவருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது எதனால், அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதற்கு எல்லை எது, எல்லை மீறினால் யார் தடுப்பது என்பவைதான் இந்தப் பாடத்தின் கேள்விகள். திருக்குறளின் பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உண்டு. இறைமாட்சியில் தொடங்கி அமைச்சு, நாடு, படை, தூது என்று போகும். பள்ளியில் பத்துக் குறளாகப் பிரித்துப் படித்ததை இப்போது ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். தமிழில் அரசியல் சிந்தனை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும்.

சேர்க்கை: எல்லையின் எந்தப் பக்கம் நீங்கள்?

நீங்கள் ரெட்டிச்சாவடியில் இருந்தால் தமிழ்நாட்டு மாணவர், பக்கத்திலேயே கன்னியக்கோவிலில் இருந்தால் புதுச்சேரி மாணவர். விண்ணப்பிக்கும் வழியும் அதற்கேற்ப மாறும்.

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளுக்கு டி.என்.காசா என்ற ஒரே இணையத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடலூர் பெரியார் கலைக் கல்லூரியும் அதில்தான் வரும். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கு அந்த அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக விண்ணப்பம். அங்கே இருப்பிடச் சான்றிதழ் முக்கியம். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் நாடாளுமன்றச் சட்டத்தால் 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அதன் வளாகத்தில் நேரடியாக நடக்கும் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வு சமயத்திலேயே முடிந்துவிடும் என்பதால், முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் வாய்ப்புப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ், ஆங்கிலம், வரலாறு போல அரசியல் அறிவியல் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பாமல், அந்த ஆண்டின் படிப்புப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். பக்கத்தில் கிடைக்கவில்லை என்றாலும் வழி அடைபட்டுவிடாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் இந்தத் துறை உண்டு. வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் பி.ஏ. வரலாறு சேர்ந்து, அரசியல் அறிவியலைத் துணைப்பாடமாக எடுத்து, எம்.ஏ.வில் மாறிக்கொள்ளலாம். இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அஞ்சல் வழியாகவும் படிக்கலாம். வேறு எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் மே மாதத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். முதல் பருவத்துப் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அதில் ஓடிவிடும். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு உடனே பதிந்துகொள்ளுங்கள்.

வகுப்பு தொடங்கும் முன் கிடைக்கும் இரண்டு மாதம்

அறிவியல் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த இரண்டு மாதம் பெரிய உதவி. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் கதைப்புத்தகம் படிப்பதுபோல ஒருமுறை படித்துவிடுங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் என்.சி.இ.ஆர்.டி.யின் அதே வகுப்பு நூல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டும் உங்கள் பையில் இருக்க வேண்டிய புத்தகம் அது.

தினமும் ஒரு செய்தித்தாள் படியுங்கள். அதைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். யார் யாரைத் திட்டினார் என்ற செய்தியைத் தாண்டிப் போங்கள். ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், நீதிமன்றம் அரசாணைக்குத் தடை விதித்தது, நிதிக்குழு பரிந்துரைத்தது என்று வரும் செய்திகளைக் கத்தரித்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது அரசமைப்பின் எந்த உறுப்பின்கீழ் (ஆர்ட்டிகிள்) நடந்தது என்று எழுத முயலுங்கள். முதல் மாதம் பாதிக்குத் தெரியாது. பரவாயில்லை, இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.

கோட்பாட்டுத் தாள்: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்

முதல் பருவத்தில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மாக்கியவெல்லி, ஹாப்ஸ், லாக், ரூசோ என்று பெயர்கள் வரிசையாக வரும்போது மாணவர்கள் செய்யும் காரியம், ஒவ்வொருவரும் பிறந்த ஊரையும் எழுதிய நூலையும் மனப்பாடம் செய்வது. அதில் பாடமே இல்லை. ஒவ்வொருவரும் எதைக் கண்டு பயந்தார், எதை விரும்பினார் என்று கேட்டுப் பாருங்கள்; கோட்பாடு தானாக நினைவில் நிற்கும்.

மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டிலிருந்து அரசு பிறந்தது என்னும் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1649இல் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் உள்நாட்டுப் போர். அதைப் பார்த்த ஹாப்ஸ் 1651இல் எழுதுகிறார். அரசே இல்லாவிட்டால் மனிதன் மனிதனைக் கொன்றுவிடுவான் என்ற அச்சம் அவரது ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அதனால் அவரது ஒப்பந்தத்தில் மக்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆள்பவனிடம் கொடுத்துவிடுகிறார்கள், உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். லாக்கின் நூல் 1688 புரட்சியை ஒட்டி வெளிவருகிறது. மன்னர் எல்லை மீறினால் மாற்றிவிடலாம் என்பதை அந்த ஊர் அப்போதுதான் செய்து காட்டியிருக்கிறது. அதனால் அவரது ஒப்பந்தத்தில் உயிர், சுதந்திரம், சொத்து மூன்றும் மக்களிடமே இருக்கின்றன; அரசு அவற்றைக் காக்கத் தவறினால் மக்கள் அதை நீக்கலாம். ரூசோவுக்கு 1762இல் வேறு கவலை. சிலர் ஆள, பலர் அடிமைகளாக வாழும் சமூகத்தில் எல்லோரும் எப்படிச் சுதந்திரமாக இருப்பது? எல்லோரும் சேர்ந்து எல்லோருக்குமான பொது விருப்பத்துக்குக் கட்டுப்படுவது என்கிறார்.

இப்போது மூவரையும் நான்கு கேள்விகளில் நிறுத்துங்கள். அரசுக்கு முந்தைய நிலை எப்படி இருந்தது? மக்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள்? யாரிடம் கொடுத்தார்கள்? திரும்பப் பெற முடியுமா? பத்து மதிப்பெண் கேள்விக்கு இதுவே விடை. அதற்குமேல், இப்படி ஓர் ஒப்பந்தம் வரலாற்றில் எங்கே நடந்தது என்று டேவிட் ஹியூம் கேட்டதையும், பெண்களும் அடிமைகளும் அந்த ஒப்பந்தத்தில் யாருடைய கணக்கில் இருந்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தால் விமர்சனப் பகுதியும் முடிந்தது.

அரசமைப்பு: சட்டத்தையே படியுங்கள்

கைடு மட்டும் வைத்துப் படிப்பது இந்தத் தாளுக்குச் சரிவராது. நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துப் பயிற்சி செய்து பார்ப்போம்.

அரசமைப்பில் 239அ உறுப்பைத் திறங்கள். 1962இல் வந்த பதினான்காவது திருத்தம் சேர்த்த உறுப்பு இது. ஒன்றியப் பிரதேசத்துக்கு நாடாளுமன்றம் சட்டமன்றம் ஒன்றை அமைத்துத் தரலாம் என்கிறது. அந்த அவை முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்கலாம், ஒரு பகுதி நியமனமாகவும் ஒரு பகுதி தேர்தலாகவும் இருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அடுத்து 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேசங்கள் அரசுச் சட்டம், மூன்றாவது பிரிவு: 30 பேர் தேர்தலில் வருவார்கள், மூன்று பேருக்கு மிகாமல் மத்திய அரசு நியமிக்கலாம்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். மூவரை நியமிக்கும்போது புதுச்சேரி அமைச்சரவையைக் கேட்க வேண்டுமா? சட்டத்தில் அப்படி எழுதவில்லை. கேட்க வேண்டாம் என்றும் எழுதவில்லை. 2017இல் மூன்று பேரை மத்திய அரசு நியமித்தபோது வழக்கு அங்கேதான் பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 30 பேரே தேர்தலில் வரும் அவையில் மூன்று நியமன வாக்கு என்பது சாதாரணமில்லை. 2021 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்து ஆட்சி கவிழ்ந்தபோது, நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கலாமா என்பதே அவையில் பெரிய வாதமாக இருந்தது.

ஓர் உறுப்பு, ஒரு சட்டப்பிரிவு, ஒரு தீர்ப்பு, ஓர் அரசியல் நிகழ்வு. இந்த வரிசையில் ஒரு விஷயத்தைப் படித்தால் கூட்டாட்சி, சட்டமன்றம், நீதிப்புனராய்வு (அரசின் செயல் அரசமைப்புக்கு ஏற்றதா என்று நீதிமன்றம் பார்ப்பது) ஆகிய மூன்று அலகுகளும் ஒன்றாக விளங்கும். இதே முறையில் சென்னை மாகாணத்தின் செண்பகம் துரைராஜன் வழக்கையும் அதைத் தொடர்ந்து 1951இல் வந்த முதல் திருத்தத்தையும் படியுங்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைப் படித்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஓர் உறுப்பைப் படித்ததும் அதன்மேல் அன்று என்ன வாதம் நடந்தது என்று தேடிப் பாருங்கள்.

கீழூருக்கு ஒருமுறை போய்வாருங்கள்

வில்லியனூரைத் தாண்டி உள்ளே போனால் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. ஒப்பந்தம் 1956இலேயே கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர ஆறு ஆண்டுகள் ஆயின.

அங்கே உள்ள நினைவிடத்தில் நின்று யோசிக்க நிறைய இருக்கிறது. வங்காளத்துச் சந்தன்நகரும் பிரெஞ்சுக்காரர்களிடம்தான் இருந்தது. அங்கே 1949இல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். புதுச்சேரியில் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இரண்டு முறைகளில் எது மக்களின் சம்மதம்? இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் புதுச்சேரியின் இறையாண்மை யாரிடம் இருந்தது? பன்னாட்டு உறவுகள் தாளில் வரும் கருத்துகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எங்கிருந்தும் தேட வேண்டியதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கின்றன. ஒப்பீட்டு அரசாங்கத்தில் பிரான்ஸின் இப்போதைய ஆட்சியமைப்பான ஐந்தாவது குடியரசைப் படிக்கும்போது, அப்படி ஒரு வீட்டில் அனுமதி கேட்டுப் பேசிப் பாருங்கள்.

கடலூர்ப் பக்கத்துக்கும் சொல்ல உண்டு. 1937, 1946, 1952 என்று மூன்று முறை சென்னை சட்டமன்றத்துக்குப் போன அஞ்சலை அம்மாள் கடலூர்க்காரர். நெய்வேலியில் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்தவர்களின் கேள்விகள் இன்னும் முடியவில்லை. வளர்ச்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் படிக்க அந்த ஊர்களே போதும். 2020இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படம் வெளிவந்தது. ஊராட்சிகளில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் ஒதுக்கிய அரசமைப்பின் 73ஆவது திருத்தம் கொடுத்த நாற்காலி அது. சட்டம் கொடுத்ததை ஊர் எப்படி மறுக்கிறது என்பதை உள்ளாட்சித் தாளில் தயங்காமல் எழுதுங்கள்.

கிராம சபையில் உட்காருவது

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் ஊரில் வாக்காளராக இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை, முதலில் பேசியவர் யார், எங்கே யார் உட்கார்ந்தார்கள், வரவு செலவை வாசித்தார்களா, தீர்மானத்தை எழுதிய பிறகு கையெழுத்து வாங்கினார்களா, அதற்கு முன்பே வாங்கினார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கூட்டங்களின் குறிப்பு சேர்ந்தால் உங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரைக்கு விதை கிடைத்துவிடும்.

புதுச்சேரி மாணவர்களுக்கு வேறு கேள்வி இருக்கிறது. அங்கே 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏன் அவ்வளவு இடைவெளி, அந்தக் காலத்தில் கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சி அமைப்பு) நிர்வாகம் யார் கையில் இருந்தது என்று ஆராயலாம். விவரம் வேண்டுமானால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுதுவதே ஒரு பாடம். ஒரு மனுவில் ஒரு பொருள், கேள்வியில் கோபம் வேண்டாம், ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.

தேர்வும் மொழியும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்டர்னல் 25, எழுத்துத்தேர்வு 75. இன்டர்னல் மதிப்பெண்ணை வருகையும் அசைன்மென்டும் தீர்மானிக்கும், விட்டுவிடாதீர்கள். பழைய வினாத்தாள்கள் ஐந்தாண்டுக்கு எடுத்துப் பார்த்தால் எந்த அலகிலிருந்து பெரிய கேள்வி வருகிறது என்று தெரியும். விடையில் உறுப்பு எண், திருத்தம், ஆண்டு, வழக்கு நான்கும் சரியாக இருந்தால் கையெழுத்து சுமாராக இருந்தாலும் மதிப்பெண் வரும்.

தமிழ் வழியில் படிப்பவர்கள் தாழ்வாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை. சிந்தனை தாய்மொழியில் தெளிவாக இருக்கும். ஆனால் எம்.ஏ.வுக்கும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் ஆங்கில நூல்கள் தேவைப்படும். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்க் கலைச்சொல், வலப்பக்கம் ஆங்கிலக் கலைச்சொல் என்று எழுதிவாருங்கள். இக்னோ தன் பாடங்களை எல்லாம் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரு தலைப்பைத் தமிழில் வகுப்பில் கேட்ட அன்றே அங்கே ஆங்கிலத்தில் படித்துவிடுங்கள். நூலகம் வேண்டும் என்றால் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரியில் இருக்கிறது.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

வேலைக்கு வருவோம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் நிரந்தரப் பகுதி. நீங்கள் பட்டத்துக்குப் படிப்பதே அதற்கும் உதவும். குடிமைப்பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் ஒன்று. தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம். காலாப்பட்டில் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியும், விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. இதழியலுக்கும் இது நல்ல அடித்தளம். கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.ஏ., அப்புறம் நெட் அல்லது மாநில அளவிலான செட். புதுவைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுகள் துறை இருக்கிறது. அதற்கு க்யூட் முதுகலைத் தேர்வு.

பள்ளி ஆசிரியராக நினைப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசியல் அறிவியல் பட்டதாரிகள் பி.எட். சேர வழக்கமாக முதுகலைப் பட்டமும் கேட்கிறார்கள். பி.ஏ. முடித்த கையோடு பி.எட். என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தால், சேரும் முன்பே அந்த ஆண்டின் விதிமுறையை வாங்கிப் படித்துவிட்டு, எம்.ஏ.வுக்கான இரண்டு ஆண்டையும் அதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.